முதியோர் குடியிருப்பும் திருச்சபையின் வாக்குறுதியும்

சென்ற ஆண்டு, நாம் அங்கம் வகிக்கும் திருச்சபைக் குழுவொன்றின் முன் ஒரு முன்மொழிவு வைக்கப்பட்டது. மிஷனெரிமார் காலத்து வளாகமொன்றில் பயன்பாடின்றிக் கிடக்கும் நிலத்தில், வைப்புத்தொகையும் மாதக் கட்டணமும் செலுத்த வசதியுள்ள மூத்த கிறிஸ்தவர்களுக்கென ஒரு குடியிருப்பு அமைக்கலாம் என்பதே அது. வரைபடத்தில் வரிசையாக வீடுகளும், நிழல் தரும் நடைபாதைகளும், நடுவே ஒரு சிற்றாலயமும் காணப்பட்டன. எதிர்த்துப் பேசியவர் எவருமில்லை. நாமும் பேசவில்லை.

வாய் திறவாதிருந்ததற்குக் காரணம் உண்டு. கோயம்புத்தூரை அடுத்துள்ள இத்தகைய தனியார் குடியிருப்பு ஒன்றில் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக, ஆறு ஆண்டுகளாக மாதந்தோறும் சென்று திருவிருந்து ஆராதனை நடத்தி வருகிறோம். இறையியல் மாணவர் இருவரோ மூவரோ உடன் வருவர். அங்குள்ள நன்மைகளைக் கண்ணாரக் கண்டவர்களாகையால் முன்மொழிவை எதிர்க்க மனம் வரவில்லை. அங்குள்ள குறைகளையும் கண்டவர்களாகையால் அதை வரவேற்க நாவும் எழவில்லை. குழு இன்னும் இறுதித் தீர்மானம் எடுக்கவில்லை. அன்று சொல்லாமல் விட்டதை உடன் ஊழியர் முன்பாக இங்கே எழுத முற்படுகிறோம்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுதல் நலம். முதியோர் இல்லம் என்றதும் நம் சபையார் மனத்தில் தோன்றுவது ஆதரவற்றோருக்கான அறநிலையமே. அதற்குத் திருச்சபையில் நீண்ட மரபு உண்டு. 4ஆம் நூற்றாண்டில் செசரியாவின் பேராயர் பசிலியு நகருக்கு வெளியே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் எழுப்பிய நிலையத்தை நாம் சபை வரலாற்று வகுப்பில் படித்திருக்கிறோம். 1839இல் பிரான்சு நாட்டில் ழான் ழுகான் என்னும் எளிய பணிப்பெண், பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தம் இருப்பிடத்திற்கு அழைத்து வந்து தம் படுக்கையையே கொடுத்ததிலிருந்து ஏழைகளின் சிறிய சகோதரிகள் என்னும் துறவற சபை பிறந்தது. ஆனால் இங்கே ஆராயப்படுவது அந்த மரபன்று. இது பணம் செலுத்தி வாழும் குடியிருப்பு. வீட்டை விலைக்கு வாங்குவோரும் உளர். பெருந்தொகையை வைப்பாகக் கட்டி வாழ்நாள் உரிமை பெறுவோரும் உளர். உணவு, துப்புரவு, காவல், முதலுதவி ஆகியவற்றிற்கு மாதக் கட்டணம் தனி. இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதல் கோவை வட்டாரத்தில் இவை பெருகியுள்ளன. மிதமான தட்பவெப்பமும், நல்ல மருத்துவமனைகளும், அயல்நாட்டில் வாழும் பிள்ளைகள் அனுப்பும் பணமும் அதற்குக் காரணங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 10 கோடிக்கு மேல். தமிழ்நாட்டில் அவர்கள் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தனர். நம் சபைகளில் அவ்விகிதம் கூடுதலோ என்று எண்ணத் தோன்றுகிறது. ஞாயிறு காலை முன்வரிசைகளைப் பார்க்கும் ஆயர் எவரும் இதை மறுக்கமாட்டார்.

சிறப்புகளை முதலில் சொல்வோம். அவை சிறியவையல்ல.

இக்குடியிருப்பு, முதுமை என்பது இவ்வாறுதான் இருக்கும் என்று அறிந்தவர்களால் கட்டப்பட்டது. வாயிலில் படிகள் இல்லை. சக்கர நாற்காலி ஏறத்தக்க சரிவு இருக்கிறது. குளியலறைச் சுவரில் கைப்பிடிகள் உள்ளன, தரை வழுக்குவதில்லை, கட்டிலருகே அழைப்பு மணி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு அதை அழுத்தினால் சில நிமிடங்களில் ஒருவர் வந்து நிற்கிறார். இவையெல்லாம் இறையியல் ஏட்டில் எழுதத்தக்க செய்திகளோ என்று சிலர் நினைக்கலாம். நாம் அடக்க ஆராதனை நடத்திய முதியோருள் எத்தனை பேருடைய இறுதி நோய் குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு நொடியில் தொடங்கியது என்று ஆயர்கள் எண்ணிப் பார்க்கட்டும். இடுப்பெலும்பு முறிந்து, படுக்கையாகி, நுரையீரலில் சளி கட்டி இறந்தோர் எத்தனை பேர்! அக்கைப்பிடியின் விலை அற்பம். நம் ஆலயங்கள் பலவற்றின் வாயிலில் இன்றும் ஏழெட்டுக் கற்படிகள் உள்ளன. பற்றிக்கொள்ள ஒரு கம்பியும் இல்லை.

இரண்டாவது சிறப்பைப் பெண்கள் வாயிலாகவே அறிந்தோம். ஓய்வுபெற்ற செவிலியரான ஒரு தாயாரிடம் இவ்விடம் எப்படியிருக்கிறது என்று ஒருமுறை கேட்டோம். தோட்டத்தையோ காற்றையோ அவர் புகழ்வார் என்று எதிர்பார்த்தோம். "ஐயா, அம்பது வருஷம் கழிச்சு இப்பதான் அடுத்த வேளைக்கு என்ன சமைக்கிறதுன்னு நினைக்காம தூங்கறேன்" என்றார். அவர் கணவர் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. மனைவியின் கடமை பற்றி நாம் செய்த பிரசங்கங்கள் சில அப்போது நம் நினைவுக்கு வந்தன.

மூன்றாவதாக, அங்கே நட்பு இருக்கிறது. நகரத்து அடுக்குமாடியில், காலை எட்டு மணிக்கு மகனும் மருமகளும் பணிக்குப் புறப்பட்ட பின் மாலை வரை தொலைக்காட்சியோடு தனித்திருந்தவர்கள், இங்கே மாலை நடையில் நான்கு பேரோடு வழக்காடுகிறார்கள். எழுபத்தெட்டு வயதில் ஒருவர் வீணை கற்கத் தொடங்கியிருக்கிறார். அவ்வோசையைக் கேட்கும் அண்டை வீட்டாரின் பொறுமையையும் இக்குடியிருப்பின் சிறப்புகளுள் ஒன்றாகவே சேர்க்க வேண்டும்.

குடும்பம் இருக்கையில் இதெல்லாம் எதற்கு, ஐந்தாம் கட்டளை எங்கே போயிற்று என்று நம் சபையார் கேட்பதுண்டு. மேடையில் இக்கேள்விக்குக் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கூட்டுக் குடும்பத்தில் முதியோர் எல்லாரும் மகிழ்ந்து வாழ்ந்தனர் என்பது நம் கற்பனை. திருமறை அவ்வாறு கற்பனை செய்வதில்லை. கண் மங்கிய ஈசாக்கு தம் சொந்த வீட்டில், தம் சொந்தக் கட்டிலில், மனைவியும் மக்களும் சூழத்தான் இருந்தார். அங்கேதான் அவர் ஏமாற்றப்பட்டார் (ஆதியாகமம் 27). நகோமியைத் தாங்கியவள் இரத்தவழி உறவினள் அல்லள், வேற்றினத்து மருமகள். வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்திட்ட மறுவாரமே பின்கட்டு அறைக்கு மாற்றப்பட்ட தகப்பன்மாரை நாம் நம் சேகரங்களில் கண்டதில்லையா? நாட்டின் சட்டமே இதை அறிந்துள்ளது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலன் பற்றிய 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பராமரிப்பதாக நிபந்தனை ஏற்றுச் சொத்தைப் பெற்றவர் அதைச் செய்யத் தவறினால், தீர்ப்பாயம் அந்தச் சொத்து மாற்றத்தைச் செல்லாததாக்கலாம் என்கிறது. தேவையில்லாத இடத்தில் எவரும் இப்படியொரு பிரிவை எழுதியிருக்க மாட்டார்கள். ஆகவே, பெற்றோர் இத்தகைய குடியிருப்பைத் தாமே தெரிந்துகொண்டால், பிள்ளைகளைப் பழிப்பதும் பெற்றோரைப் பார்த்துப் பரிதபிப்பதும் ஆயருக்கு அழகன்று.

இனிக் குறைகளுக்கு வருவோம். கட்டடத்தையோ உணவையோ பற்றி நாம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உணவில் உப்பு குறைவு என்பது அங்குள்ள பொதுக் குறை. மருத்துவர் சொற்படி அது நிறை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தலைமையாசிரியராகவும் இருந்தவர். ஊரிலிருந்த வீட்டை விற்று, மனைவியோடு அங்கே குடியேறினார். புறப்படுமுன் நம்மிடம் ஆலோசனை கேட்டார். நாம் மனமுவந்து வாழ்த்தி, ஜெபித்து அனுப்பினோம். ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று நாம் கேட்கவில்லை. அது ஆயரின் வேலை என்று நமக்குத் தோன்றவேயில்லை. மூன்றாம் ஆண்டில் அவர் மனைவிக்கு மறதி நோய் கண்டது. முதலில் அடுப்பில் பால் பொங்கியது. பிறகு வீட்டு எண் மறந்தது. ஒரு நாள் விடியுமுன் வாயிற்காவலரைத் தாண்டிச் சாலையில் நடந்துகொண்டிருந்தார். நிர்வாகத்தார் கனிவாகத்தான் பேசினர். இது தம்மைத் தாமே கவனித்துக்கொள்ளக் கூடியவர்களுக்கான குடியிருப்பு; அம்மாவுக்கு வேறிடம் பார்ப்பது நல்லது என்றனர். அப்போதுதான் ஆசிரியர் ஒப்பந்தத்தை எடுத்து நம்மிடம் கொடுத்தார். முழுவதும் ஆங்கிலம். நாற்பது பக்கங்களுக்குச் சற்றுக் குறைவு. அவர்கள் சொன்னது அதில் இருந்தது. மாதக் கட்டணத்தை ஆண்டுதோறும் நிர்வாகம் தன் விருப்பப்படி உயர்த்தலாம் என்பதும் இருந்தது. வெளியேறினால், அவ்வீட்டுக்கு வேறொருவர் வந்து சேர்ந்த பிறகே வைப்புத்தொகை திரும்பும் என்பதும் இருந்தது. தொல்காப்பியத்துக்கு உரை சொல்லத்தக்க அம்மனிதர் தமக்குத் தெரியாத மொழியில் தம் முதுமையைக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்.

அம்மையார் இப்போது வேறொரு நகரில், மகள் வீட்டருகேயுள்ள பராமரிப்பு நிலையத்தில் இருக்கிறார். ஆசிரியர் பணம் திரும்பும் வரை இங்கே தங்கியிருக்கிறார். "கடைசி வரை சேர்ந்து இருக்கலாம்னுதானே ஐயா வந்தோம்" என்றார். நமக்குப் பதில் தெரியவில்லை.

இத்தகைய குடியிருப்புகளின் பெரும் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. முதுமையின் வலிமையான பகுதிக்கு அவை மிக நன்றாக ஆயத்தம் செய்கின்றன. அதன் தளர்ந்த பகுதிக்கு வரும்போது கதவைச் சுட்டுகின்றன. எல்லாக் குடியிருப்புகளும் அப்படியென்று சொல்லவில்லை. மறதி நோயாளருக்கெனத் தனிப் பிரிவு வைத்திருப்பவையும் உள்ளன. எது எப்படி என்பது விளம்பரத்தில் தெரியாது, ஒப்பந்தத்தில் தெரியும். நடுவண் அரசின் வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2019இல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. கட்டியவர், சேவை தருபவர், குடியேறுபவர் ஆகிய மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் செய்தல் போன்ற நல்ல ஏற்பாடுகள் அதில் உண்டு. ஆனால் மாதிரி என்ற சொல்லுக்கு மாதிரி என்பதே பொருள். மாநில அரசு ஏற்று நடைமுறைப்படுத்தினாலன்றி அது எவரையும் கட்டாது.

தனியார் நிறுவனம் இலாபம் கருதுவது. திருச்சபை நடத்தினால் இவ்வாறு நேராது என்று குழுவில் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணத்தை நாம் ஆழ்ந்து சோதிக்க வேண்டும். இதற்கு அமெரிக்க மெத்தடிஸ்த சபையாரின் அனுபவம் ஒன்று நமக்குக் கண்ணாடி.

பசிபிக் ஹோம்ஸ் என்னும் நிறுவனம் கலிபோர்னியா, அரிசோனா, ஹவாய் மாநிலங்களில் முதியோர் குடியிருப்புகளையும் அவற்றைச் சார்ந்த பராமரிப்பு மருத்துவமனைகளையும் நடத்தி வந்தது. அது மெத்தடிஸ்த திருச்சபையோடு இணைந்த நிறுவனம். ஒரு பெருந்தொகையைச் செலுத்திச் சேருபவர்க்கு உயிருள்ளவரை உறைவிடமும் உணவும் மருத்துவப் பராமரிப்பும் தருவதாக அது வாக்களித்தது. சேர்ந்தவர்களுள் பலர் திருச்சபையின் பெயரை நம்பியே தம் சேமிப்பைக் கொடுத்தவர்கள். பிறகு இரண்டு காரியங்கள் நிகழ்ந்தன. விலைவாசி ஏறியது, முதியோர் கணக்குப் போட்டதைவிட நீண்ட நாள் வாழ்ந்தனர். நல்ல உணவும் நல்ல மருத்துவமும் தந்தால் ஆயுள் கூடும் அல்லவா? பராமரிப்பு எவ்வளவு சிறந்ததோ அவ்வளவுக்கு நட்டமும் பெருகும் விந்தையான கணக்கு அது. புதிதாகச் சேருவோரின் பணத்தைக் கொண்டு பழையவர்களின் செலவை ஈடுகட்டினர். 1977இல் அந்நிறுவனம் நொடித்துப்போய் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. வாழ்நாள் முழுவதற்கும் பணம் கட்டி முடித்துவிட்டதாக நம்பியிருந்தவர்கள் மீண்டும் மாதந்தோறும் கட்ட வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 2,000 முதியோரின் சார்பில் வழக்குத் தொடுக்கப்பட்டது.

இனி வருவதே இறையியல் மாணவர்கள் கவனிக்க வேண்டியது. வழக்கில் ஐக்கிய மெத்தடிஸ்த திருச்சபையும் பிரதிவாதியாக்கப்பட்டது. தான் வழக்குத் தொடரத்தக்க ஓர் அமைப்பே அன்று, ஆவிக்குரிய ஓர் இணைப்பு மட்டுமே என்று அது வாதிட்டது. கீழ்நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. 1979இல் கலிபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மறுத்து, திருச்சபை வழக்கை எதிர்கொண்டே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 1980இல் ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் டாலரில் இணக்கம் ஏற்பட்டது. சட்ட நுட்பத்தில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நாம் வழக்கறிஞர் அல்லோம். சமயச் சுதந்திரம் பற்றி அத்திருச்சபை கொண்ட அச்சத்தில் நியாயமும் இருந்தது. ஆயினும் நற்கருணைப் பந்தியில் ஒரே சரீரம் என்று அறிக்கையிடும் சபை, கடன்காரர் முன் அப்படியொரு சரீரம் இல்லை என்று சொல்ல நேர்ந்ததே, அது எளிதில் கடந்து செல்லத்தக்கதன்று. பசிபிக் ஹோம்ஸ் தொடங்கியவர்கள் வஞ்சகர் அல்லர். நம்மைப் போன்ற நல்லெண்ணமுள்ளவர்கள். வாக்குறுதியை அன்பினால் கொடுத்தனர்; அதன் செலவை எழுதிப் பார்க்கவில்லை. கோபுரம் கட்ட மனதாயிருப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டும் என்னும் ஆண்டவரின் உவமையை (லூக்கா 14:28-30) சீஷத்துவத்தைப் பற்றியது என்றே பிரசங்கிக்கிறோம். கட்டடக் குழுவுக்கும் அதை வாசித்துக் காட்டலாம்.

நம் குழுவின் முன்மொழிவில், கட்டடச் செலவு காசுக் கணக்காக எழுதப்பட்டிருந்தது. இருபதாம் ஆண்டில் படுக்கையிலிருக்கும் ஒருவரைப் பராமரிக்க என்ன செலவாகும், பணம் தீர்ந்துபோனவரை என்ன செய்வது, நிறுவனம் தவறினால் ஆலயச் சொத்து பிணையாகுமா என்பவற்றிற்கு ஒரு வரியும் இல்லை.

மற்றொரு குறை உண்டு. அது பணத்தைச் சார்ந்ததன்று. நாமும் அதில் பங்காளிகள்.

அங்கே நாம் நடத்தும் ஆராதனையில் காணிக்கை எடுப்பதில்லை. எவரும் அப்படித் தீர்மானிக்கவில்லை. முதல் மாதத்தில் பையை எடுத்துச் செல்ல மறந்தோம். பிறகு, முதியவர்களிடம் எதற்கு என்று விட்டுவிட்டோம். ஐந்தாம் ஆண்டில் அந்தச் செவிலியத் தாயார், "ஐயா, எங்ககிட்ட ஏன் காணிக்கை வாங்கறதில்லை?" என்று கேட்டார். சிரித்து மழுப்பப் பார்த்தோம். அவர் விடவில்லை. "நாங்க சபையா, இல்லை ஆஸ்பத்திரி வார்டா?" என்றார். வாரந்தோறும் பள்ளிப் பிள்ளைகள் வந்து பாட்டுப் பாடுகிறார்கள். கல்லூரி மாணவர் வந்து பழம் கொடுக்கிறார்கள். ஆயர் வந்து திருவிருந்து கொடுக்கிறார். எல்லாரும் கொடுக்கிறார்கள். கேட்பவர் எவருமில்லை.

இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரத்தை மறுபடி வாசித்தோம். விதவைகளின் பதிவுப் பட்டியலை உதவி பெறுவோர் பட்டியல் என்றே நாம் மாணவர்க்குச் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் 60 வயதுக்குக் குறையாதவர், நற்கிரியைகளில் சோதித்தறியப்பட்டவர் என்னும் தகுதிகளை நோக்கினால், அது வெறும் உதவிப் பட்டியலாகத் தோன்றவில்லை. இரவும் பகலும் ஜெபத்தில் நிலைத்திருத்தலாகிய பணியை ஏற்றவர்களின் அணி அது என்று கொள்ளும் விளக்கவுரையாளர் பலர். அவ்விளக்கமே நமக்கும் பொருத்தமாகப் படுகிறது. ஆதிச் சபை தன் மூத்த பெண்களுக்குச் சோறிட்டது. அதோடு அவர்களிடம் ஒரு வேலையையும் கேட்டது. தேவாலயத்தை விட்டு நீங்காத அன்னாளுக்கு அப்போது 84 வயது என்பர் (லூக்கா 2:36-38). எருசலேமில் மீட்புக்குக் காத்திருந்தோர்க்கெல்லாம் குழந்தையைப் பற்றி எடுத்துரைத்தவள் அவளே.

ஜெர்மனியின் ஆக்சுபர்க் நகரில் ஃபுகராய் என்னும் குடியிருப்பு உள்ளது. யாக்கோபு ஃபுகர் என்னும் பெருவணிகர் 1521இல் அந்நகர ஏழைகளுக்காக நிறுவியது, இன்றும் இயங்குகிறது. ஆண்டு வாடகை அன்று ஒரு ரைன்லாந்துக் கில்டர். இன்று அதற்கு ஈடாக 88 சென்ட், ஒரு யூரோவும் ஆகாது. அதோடு, குடியிருப்போர் நாள்தோறும் மூன்று ஜெபங்களை நிறுவியவர் குடும்பத்துக்காகச் சொல்ல வேண்டும். லூத்தர் வோர்ம்ஸ் மன்றத்தின் முன் நின்ற அதே ஆண்டு அது என்பதை நினைத்தால், செல்வரின் ஆன்ம நலனுக்காக ஏழையரின் ஜெபத்தைப் பெறும் இவ்வேற்பாட்டில் சீர்திருத்தச் சபையாராகிய நமக்கு உடன்பாடு இருக்க வழியில்லை. ஆனாலும் அவ்வணிகர் ஒன்றை அறிந்திருந்தார்: ஏழைகளிடத்தில் தமக்குத் தேவையான ஒன்று இருக்கிறது என்று. ஐந்து ஆண்டுகளாக நாம் காணிக்கைப் பை இல்லாமல் போய்வந்தபோது அவ்வளவும் அறிந்திருக்கவில்லை.

ஒரே வயதினர், ஏறக்குறைய ஒரே வருவாயினர் மட்டும் கூடி வாழ்தலின் விளைவும் இதனோடு சேர்ந்ததே. ஆறு ஆண்டுகளில் அங்கே நாம் ஒரு ஞானஸ்நானமும் கொடுக்கவில்லை. ஒரு திருமண அறிவிப்பும் வாசிக்கவில்லை. அடக்க ஆராதனைகள் பதினொன்று நடத்தினோம். அழுகிற குழந்தையை வெளியே கொண்டு போகச் சொல்லிச் சலித்துக்கொள்ளும் மூத்தோர் நம் ஆலயங்களில் உண்டு. அங்கேயுள்ளவர்கள் அந்த அழுகையைக் கேட்க ஏங்குகிறார்கள்.

இவர்களைத் தூக்கி, குளிப்பாட்டி, உணவூட்டும் பெண்களைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது. அவர்களுள் நம் சபையைச் சேர்ந்த ஒருவர் திண்டுக்கல் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்தவர். முப்பது நாளும் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடு. அவருடைய தாயாரை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டோம். பக்கத்து வீட்டார் கஞ்சி வைத்துக் கொடுக்கிறார்கள் என்றார். ஒரு தாய்க்கு அழைப்பு மணியும், அம்மணிக்கு ஓடிவரும் பெண்ணின் தாய்க்கு அண்டை வீட்டுக் கஞ்சியும். திருச்சபை நடத்தும் குடியிருப்பில் இவர்களுக்குக் கூடுதல் ஊதியம் உண்டென்று சொல்ல நமக்குத் துணிவில்லை. நம் நிறுவனங்களில் கடைநிலை ஊழியர் பெறுவது என்ன என்பதை வாசகர் அறிவர். எளியோருக்காக மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் அமைக்க 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு வழிவகை செய்கிறது. ஆனால் அமைக்கலாம் என்றுதான் சொல்கிறது, அமைக்க வேண்டும் என்றன்று. அந்தக் கஞ்சி குடிக்கும் தாய்க்கு அச்சொல் வேறுபாடு பெரிது.

கொர்பான் பற்றிய பகுதியில் (மாற்கு 7:9-13) ஆண்டவர் கடிந்துகொள்வது கடவுளுக்குக் கொடுத்தோம் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை. வைப்புத்தொகை வாங்கிக் கட்டும் இக்குடியிருப்பு நமக்கு ஒரு கொர்பான் ஆகிவிடுமோ என்பதே நம் அச்சம். மூத்தோருக்கு என்ன செய்கிறீர்கள் என்று எவரேனும் கேட்டால் வளாகத்தைக் காட்டிவிடலாம். அதே வேளையில் நம் சேகரத்தில் அறுபது எழுபது முதியோர் தத்தம் வீடுகளில் தனித்திருப்பர். அவர்களுள் பலரால் அவ்வைப்புத்தொகையின் நூறில் ஒரு பங்கையும் புரட்ட இயலாது. அவர்களுக்கு வேண்டியது குளியலறையில் ஒரு கைப்பிடி, வாரம் ஒருமுறை வரும் ஒரு செவிலியர், பகலில் கூடியிருக்க ஒரு நிழல். பள்ளிக்கூடத்து மாடியில்லாத ஓர் அறையும், மதிய உணவும், இரண்டு கட்டிலும் இருந்தால் பகல் நேர இல்லம் தொடங்கலாம். வளாகத்து நிலத்தை விற்கவும் வேண்டாம், வாழ்நாள் வாக்குறுதி கொடுக்கவும் வேண்டாம்.

குடியிருப்பே கூடாது என்று நாம் சொல்லவில்லை. வசதியுள்ள மூத்தோருக்கும் ஆயர் தேவை, அவர்களும் ஏமாற்றப்படுகிறார்கள். ஆனால் திருச்சபை கட்டினால், மறதி நோய் வந்தவரை வெளியேற்றாத குடியிருப்பைக் கட்ட வேண்டும். அதற்கான நிதி தனியே ஒதுக்கப்பட்ட பின்னரே முதல் வைப்புத்தொகையைப் பெற வேண்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். இவற்றுக்கு இயலாதெனில், கட்டுவதைத் தனியாரிடம் விட்டுவிட்டு, அங்கே குடியேறுமுன் நம் சபையாரின் ஒப்பந்தத்தை ஒரு வழக்கறிஞரோடு அமர்ந்து வாசித்துக் கொடுக்கும் பணியை ஆயர்கள் ஏற்பது மேல். அதற்குக் கட்டடம் வேண்டியதில்லை.

குழு அடுத்த மாதம் மீண்டும் கூடுகிறது. தலைமையாசிரியர் தம் ஒப்பந்தத்தின் நகலொன்றை நம்மிடம் கொடுத்திருக்கிறார். அகராதியை வைத்துக்கொண்டு, இரண்டு மாத உழைப்பில், முழுவதையும் அவரே தமிழாக்கியிருக்கிறார். பழைய பழக்கத்தால் சிவப்பு மையில் ஓரங்களில் குறிப்பும் எழுதியிருக்கிறார். குழுவில் இதை வாசிக்க வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறோம். காணிக்கைப் பை இப்போது மாதந்தோறும் வலம் வருகிறது. அத்தொகையை என்ன செய்வது என்பதை அங்குள்ளவர்களே கூடித் தீர்மானித்தார்கள். திண்டுக்கல் பக்கத்து அந்தத் தாய்க்கு அது போகிறது.